கேப்டன் அமர்வதில்லை

பதினோரு ஆண்டுகளாக நம்மில் பெரும்பாலோர் நின்றுகொண்டிருக்கிறோம். இது எப்படி ஆரம்பித்தது, இதனால் நிர்வாகத்தில் என்னென்ன சீர்திருத்தங்கள் விளைந்தன, யாருடைய முழங்கால் போயிற்று என்பதைப் பற்றி முறையான அறிக்கை எதுவும் இதுவரை வெளிவரவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கதை எழுதப்படுகிறது.

கதையின் நாயகியை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். மளிகைக் கடைக்காரர், வங்கி மேலாளர், சமயங்களில் கட்டிய கணவர் உள்பட. அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வாக்காளர் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது.

அவள் விண்கலம் ஓட்டப் பிறந்தவள் கிடையாது. ஒரு குடும்ப சீரியலில் பக்கத்து வீட்டுக்காரி வேஷம் கேட்கத்தான் அன்றைக்கு ஸ்டூடியோவுக்குப் போனாள். வாரத்துக்கு இரண்டு தடவை கதவைத் தட்டி, "கொஞ்சம் சர்க்கரை இருக்கா?" என்று கேட்டுவிட்டு, அந்த வீட்டில் நடக்கும் சண்டையை முழுசாகப் பார்த்துவிட்டுப் போகிற வேஷம். போனவள் மாடி மாறி ஏறிவிட்டாள். அங்கே ஒரு காஸ்ட்யூமர் வெள்ளி நிற உடுப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தார். அது யாருக்காகத் தைக்கப்பட்டதோ அந்த நடிகை உடுப்பைப் பார்த்த மறுநிமிஷமே காணாமல் போயிருந்தாள். வெயிலுக்காகக் கார் கண்ணாடியில் மாட்டுவார்களே, அந்தப் பளபளப்புத் துணியில் தைத்தது. ஒரு தடவை தைத்தால் தைத்ததுதான், பிரித்துத் தைக்க வழியில்லை.

"யம்மா, ஒரு நிமிஷம் இதைப் போட்டுப் பாக்கறீங்களா?" என்றார் காஸ்ட்யூமர்.

அளவெடுத்ததுபோல் பொருந்தியது. டைரக்டர் வந்து அவளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"நடிக்கத் தெரியுமா?"

"சர்க்கரை கேக்கத் தெரியும் சார்."

"போதும். அதே மாதிரி எரிபொருள் கேளுங்க."

இப்படியாக விஞ்ஞானத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு ஒரு கேப்டன் கிடைத்தாள்.

முதல் நாள் படப்பிடிப்பிலேயே இரண்டு சிக்கல்கள் வந்தன. விண்கலத்தின் நட்டநடுவில் கேப்டனுக்காக ஒரு பெரிய நாற்காலி இருந்தது. ஆர்ட் டைரக்டர் தெர்மாகோலில் செதுக்கி, மேலே வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார். பார்வைக்குச் சிம்மாசனம். பூனை ஏறினால்கூடப் பொடிப்பொடியாகிவிடும். அது போகட்டும், வேறு நாற்காலி போடலாம் என்று ஒரு ஸ்டூலைப் போட்டு அவளை உட்காரச் சொன்னார்கள். முழங்காலை மடக்கியதுதான் தாமதம், உடுப்பு பின்பக்கம் கழுத்திலிருந்து இடுப்புவரை டர்ரென்று கிழிந்தது. ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய அரை நாள் பிடித்தது.

டைரக்டர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"கேப்டன் உட்கார வேண்டாம். நின்னுக்கிட்டே ஓட்டட்டும்."

"இவ்வளவு பெரிய நாற்காலிய வச்சுக்கிட்டு ஏன் நிக்கறாங்கன்னு கேப்பாங்களே சார்?" என்றார் வசனகர்த்தா.

"அதுக்குப் பதில் சொல்லத்தானே உங்களை வச்சிருக்கோம்?"

வசனகர்த்தா தேநீர் ஆறுவதற்குள் பதிலை எழுதிக் கொடுத்தார்: "கடமை முடியும்வரை கேப்டன் அமர்வதில்லை!"

பிரபஞ்சத்தில் கடமை லேசில் முடியுமா? வாரத்துக்கு ஆறு நாள் வீதம் நடந்தும் முடியவில்லை. கேப்டன் பதினான்கு கிரகங்களைக் காப்பாற்றினாள். மூன்று முறை இறந்தாள். அதில் இரண்டு முறை தன்னுடைய இரட்டைச் சகோதரியாகத் திரும்பி வந்தாள். எண்ணெய் பாட்டில் மூடிகளை ஒட்டிச் செய்த கட்டுப்பாட்டுப் பலகையில் எந்த மூடியை அழுத்தினால் என்ன வெடிக்கும் என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். இத்தனையும் நின்றபடி.

ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. எதனால் பிடித்தது என்று ஆராய்ந்த பத்திரிகைகள் அனைத்தும் அவள் நிற்பதைத்தான் சொன்னன. கல்லூரிப் பெண்கள் காலி இருக்கைகளோடு ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். துணிக்கடைகளில் வெள்ளி நிற உடுப்பு வந்தது, உட்கார முடியாது என்ற உத்தரவாதத்துடன். வாழ்க்கையில் ஒரு படகுக்குக்கூடக் கேப்டனாக இருந்திராத ஒரு பெரிய மனிதர் 'நிற்கும் தலைமை' என்ற பெயரில் கம்பெனி மேலாளர்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடத்தினார். மூன்றாவது நாள் பலர் கீழே விழுந்தார்கள். அது பயிற்சியின் உச்சக்கட்டம் என்று அவர்களுக்கு விளக்கப்பட்டது.

அதன்பிறகுதான் விஷயம் அரசாங்கத்தின் மேலான கவனத்துக்கு வந்தது.

பொது வசதித் துறையின் உயர் அதிகாரி வீட்டில் எல்லோரும் அந்த சீரியலைப் பார்ப்பார்கள். ஒருநாள் பார்த்து முடித்த கையோடு அவர் ஒரு சுற்றறிக்கை எழுதினார். "அரசு அலுவலகங்களுக்கு வரும் பொதுமக்கள் அமர்ந்து காத்திருப்பதால், காத்திருத்தல் என்னும் செயலே ஓய்வாகக் கருதப்படும் வருந்தத்தக்க நிலை உருவாகியுள்ளது. எனவே பொதுமக்களின் முதுகெலும்பின் மீதுள்ள அக்கறையை முன்னிட்டு, அவர்களுக்கான நாற்காலிகள் அனைத்தும் உடனடியாக அகற்றப்பட வேண்டும்" என்று அது போயிற்று. 'நிமிர்ந்து நிற்போம்' என்று திட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள்.

அப்படியானால் அதிகாரிகளின் நாற்காலி? நியாயமான கேள்விதான். அதை ஆராய ஐவர் குழு போட்டார்கள். குழு ஒன்பது முறை அமர்ந்து பேசியது. பொதுமக்கள் சரியாக நிற்கிறார்களா என்று இடைவிடாமல் கண்காணிக்க வேண்டியிருப்பதால், கண்காணிப்பவர்கள் ஓரிடத்தில் நிலையாக இருப்பது இன்றியமையாதது என்று முடிவு செய்தது. நிலையாக இருப்பதற்கு வசதியாக மெத்தை வைத்த நாற்காலிகளும் வாங்கப்பட்டன.

பஸ் டிரைவர்களும் நின்றுகொண்டே ஓட்டலாமே என்று ஒரு யோசனை வந்தது. கேப்டனின் கணவர் பஸ் டிரைவராக இருந்தபடியால் சோதனை ஓட்டத்தின் பெருமை அவருக்கே கிடைத்தது. போக்குவரத்துக் கழகத்துச் சுற்றுச்சுவரில் இப்போது புதிதாக ஒரு வாசல் இருக்கிறது. அந்த யோசனை மேல்பரிசீலனைக்காக ஒத்திவைக்கப்பட்டது.

திட்டத்தின் தொடக்க விழாவுக்குக் கேப்டனைத்தான் அழைத்தார்கள். ரிப்பன் வெட்டுவதற்குப் பதிலாக முதல் நாற்காலியை அவள் தன் கையால் வெளியே தூக்கிக்கொண்டு போய் வைத்தாள். அதில் உட்கார்ந்திருந்த ஒருவரை விழாக்குழுவினர் மரியாதையாக எழுப்பி ஓரமாக நிறுத்தினார்கள். கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

பதினோராவது வருஷத்தில் அவளுடைய முழங்கால்கள் பேச ஆரம்பித்தன. படியேறினால் ஒரு சத்தம், இறங்கினால் வேறொரு சத்தம். டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிக்கறீங்க?"

"பத்து, பதினொண்ணு இருக்கும் டாக்டர்."

"உடனே நிறுத்துங்க. ஆறு மாசம் உக்காந்திருந்தா கால் தப்பிக்கும். இல்லேன்னா அப்புறம் நிக்கவே முடியாது. நான் பயமுறுத்தல, உண்மையைச் சொல்றேன்."

டாக்டர் மருந்துச்சீட்டை எழுதி நீட்டினார். பிறகு தயங்கித் தயங்கி செல்போனை எடுத்தார்.

"ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கலாமா கேப்டன்? நின்னுக்கிட்டு. உக்காந்து எடுத்தா வீட்டுல நம்ப மாட்டாங்க."

மறுநாள் தயாரிப்பாளரிடம் போனாள். அவர் மனம் உருகிக் கேட்டார்.

"உங்களை உக்கார வைக்கறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல மேடம். ஆனா நம்ம விளம்பரதாரர் யாரு? மூட்டுவலித் தைலம். பதினோரு வருஷமா நிக்கறீங்க, வலியே இல்லேன்னு ஊர் பூரா போர்டு வச்சிருக்கார். இப்ப போய் நீங்க உக்காந்தா அவர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"கால் போயிடும்னு டாக்டர் சொல்றார் சார்."

"டாக்டர் சொன்னா பத்தாது மேடம். அரசாங்கம் சொல்லணும். அமர்வு அனுமதி அட்டைன்னு ஒண்ணு குடுக்கறாங்களாமே, அதை வாங்கிட்டு வந்துடுங்க. முத்திரை இருந்தா யாரும் வாயைத் திறக்க முடியாது. ஒரே வாரத்துல உங்களுக்கு விண்வெளியில காலைச் சுட வச்சு, ஜம்முனு உக்கார வச்சிடறேன்."

அமர்வு அனுமதி அட்டை என்பது திட்டத்தின் கருணை முகம். உடல்நலமில்லாதவர்கள் அலுவலகங்களிலும் பொது இடங்களிலும் உட்கார்ந்துகொள்ள அந்த அட்டை உரிமை தருகிறது. அதைப் பெற ஒரு சின்னத் தேர்வு உண்டு. எதையும் பிடிக்காமல் நாற்பது நிமிஷம் நிற்க வேண்டும். நின்றுவிட்டால் அட்டை கிடையாது. விழுந்தால் கிடைக்கும். தேர்வு அறைக்குப் போவதற்கு முன் வரிசையில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. அந்த மூன்று மணி நேரத்தைத் தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆகவே தேர்வுக்கு வருபவர்கள் எல்லோரும் நன்றாக நிற்கக்கூடியவர்களாகவே இருந்தார்கள். மக்களின் உடல்நலம் மேம்பட்டிருப்பதற்கு இதையே சான்றாக ஆண்டறிக்கையில் காட்டினார்கள். அதுவரை நான்கு அட்டைகள் வழங்கப்பட்டிருந்தன. நான்கும் அந்த அலுவலக ஊழியர்களுக்கே.

கேப்டன் சாதாரண உடுப்பில், தலையைக் குனிந்தபடி வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்ற பெண் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றுகொண்டிருந்தாள். தற்செயலாகத் திரும்பியவள் வாயைப் பிளந்தாள்.

"கேப்டன்! ஐயோ, நீங்களா? நீங்க எதுக்குக்கா இங்க வந்தீங்க?"

வரிசை மொத்தமும் திரும்பியது. முழங்கால் வலி என்று சொல்லத்தான் கேப்டன் வாயைத் திறந்தாள். நாற்பது முகங்கள், அத்தனையிலும் ஒரே வெளிச்சம். வாய் தானாக வேறொன்றைச் சொல்லிவிட்டது.

"சும்மாதான். மக்களோட மக்களா நிக்கலாம்னு."

கைத்தட்டலில் கூரை அதிர்ந்தது. "வலி தாங்கலக்கா எனக்கு. ஆனா உங்களை நெனச்சுக்குவேன், நின்னுடுவேன்," என்று இஸ்திரிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதன்பிறகு கேப்டனால் சுவரில் சாயக்கூட முடியவில்லை.

தேர்வு அறையின் கதவைத் திறந்தே வைத்தார்கள், எல்லோரும் பார்க்கட்டும் என்று. அவள் விழவேண்டும். அதற்காகத்தான் வந்திருக்கிறாள். பத்தாவது நிமிஷம் விழலாம் என்று நினைத்தாள், அப்போது யாரோ ஒரு குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள். இருபதாவது நிமிஷம் விழலாம் என்று நினைத்தாள், வசனம் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். முப்பதாவது நிமிஷம் அவளுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. நாற்பதாவது நிமிஷம் அதிகாரி தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எழுதினார்: "மனுதாரர் மிகச் சிறப்பாக நிற்கிறார்." கூடவே ஒரு கேடயமும் கொடுத்தார்.

வீட்டில் கணவர் கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"அத்தனை பேர் பாக்கறாங்கங்க. எப்படிச் சொல்றது?"

"பாக்கறவங்களுக்கா வலிக்குது?"

அவர் வெந்நீர் வைத்து எடுத்துவந்து அவள் காலடியில் உட்கார்ந்து ஒத்தடம் கொடுத்தார். அவள் அழுதாள். நடிப்பில்லாமல் அழுது வெகுநாளாகியிருந்தது.

ஆனதாகட்டும் என்று மறுவாரம் நேராக அலுவலகத் தலைவரிடமே போனாள். இந்த முறை உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவு.

"சார், நான் கடமைக்காக நிக்கல. அந்த நாற்காலி தெர்மாகோல் சார். உக்காந்தா ஒடைஞ்சிடும். உடுப்பும் கிழிஞ்சிடும். அதனாலதான் நின்னேன். வேற காரணமே இல்ல."

தலைவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

"மெதுவாப் பேசுங்கம்மா. அந்த நாற்காலி தெர்மாகோல்னா இந்தத் திட்டத்துக்கு அடிப்படையே இல்லேன்னு ஆகுதா?"

"ஆமா சார்."

"அடிப்படை இல்லாம அரசாங்கம் ஒரு திட்டம் போடுமா?"

"தெரியல சார்."

"போடாது. ஆகவே அந்த நாற்காலி தெர்மாகோலா இருக்க வாய்ப்பே இல்ல. இருந்தாலும் நீங்க சொல்றதுனால ஒரு ஆய்வுக்குழு அனுப்பறேன். எங்க மேல தப்பு வரக் கூடாது பாருங்க."

மூன்று பேர் கொண்ட குழு ஸ்டூடியோவுக்கு வந்தது. நாற்காலியை டேப் வைத்து அளந்தார்கள். நான்கு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "மேற்படி நாற்காலி பதினோரு ஆண்டுகளாக ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படாததால் புத்தம்புது நிலையில் உள்ளது. உறுதியில் குறை ஏதும் காணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

"ஒரு தடவை உக்காந்து பாருங்க சார். உங்க கால்ல விழறேன்," என்றாள் கேப்டன்.

குழுத்தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கேப்டன் நாற்காலியில நாங்க உக்கார்றதா? என்னம்மா பேசறீங்க!"

அந்த மாதக் கடைசியில் ஒருநாள் விண்கலத்துப் படியில் இறங்கும்போது அவளுடைய இடதுகால் மடங்கிக்கொண்டது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். டைரக்டர், காட்சி பிரமாதமாக வந்திருக்கிறது, விண்கலம் குலுங்கியதாக வைத்துக்கொள்ளலாம் என்றார். அவள் ஒப்பனையைக்கூடக் கலைக்காமல், வெள்ளி உடுப்போடு, ஒரு சரக்கு ஆட்டோவில் நின்றபடியே நேராக அந்த அலுவலகத்துக்குப் போனாள். வரிசையின் நடுவில் போய் நின்றாள். எல்லோரும் பார்க்க, டர்ரென்று உடுப்பு கிழியக் கிழிய, தரையில் சப்பென்று உட்கார்ந்தாள்.

பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அந்த உடுப்போடு உட்கார்ந்த சுகத்தில் அவளுக்கு மூச்சே ஒரு கணம் நின்றுபோனது.

"எல்லாரும் கேளுங்க!" என்றாள். "அந்த நாற்காலி தெர்மாகோல். இந்த உடுப்பு கார்ல மாட்டற துணி. உக்கார வழியில்லாமத்தான் நான் நின்னேன். எனக்காக யாரும் நிக்க வேண்டாம். காலு உங்களோடது, உக்காருங்க!"

ஒருவரும் உட்காரவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போனமுறை பார்த்த இஸ்திரிக்காரி அன்றைக்கும் வந்திருந்தாள். அவள்தான் முதலில் பேசினாள். குரல் மெதுவாகத்தான் வந்தது.

"அப்ப நாங்க இத்தனை வருஷம் எதுக்குக்கா நின்னோம்?"

இதற்கு வசனகர்த்தா எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. பின்னாலிருந்து ஓர் ஆள் கத்தினார்.

"இது கேப்டனே இல்ல! கேப்டன் உக்காருவாங்களா?"

வரிசைக்கு உயிர் வந்தது. "அதானே!" என்றார்கள். "மூஞ்சியைப் பாரு, கேப்டன் இதைவிட உயரம்" என்றார்கள். இஸ்திரிக்காரியின் முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி பரவியது. "கேப்டன் பேரைக் கெடுக்க வந்திருக்கா," என்று அவளே முதல் ஆளாகச் சொன்னாள்.

சத்தம் கேட்டு அலுவலகத் தலைவர் வெளியே வந்தார். நிலவரத்தைக் கேட்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, விதிகளுக்கு உட்பட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"இதோ பாருங்கம்மா. நீங்க கேப்டன்னா எந்திரிச்சு நில்லுங்க. நின்னா உங்களுக்கு அட்டை தேவையில்ல. கேப்டன் இல்லேன்னா தாராளமா உக்காந்துக்குங்க. உங்க கால் எப்படிப் போனாலும் இந்தத் திட்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. கேப்டன் இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டா இப்பவே அட்டையில முத்திரை போட்டுத் தர்றேன்."

கேப்டன் தன் முழங்காலைப் பார்த்தாள். பிறகு வரிசையைப் பார்த்தாள். நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள், அவள் எழுந்துவிடக் கூடாதே என்று.

"பேனா குடுங்க," என்றாள்.

'நான் கேப்டன் அல்ல' என்று எழுதி, பெற்றோர் வைத்த பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள். முத்திரை விழுந்தது. அட்டை கைக்கு வந்தது. வரிசை கைத்தட்டியது. ஒரு போலியைப் பிடித்துக் கொடுத்த திருப்தி அவர்களுக்கு.

தயாரிப்பாளர் அட்டையையும் அவள் எழுதிக் கொடுத்ததன் நகலையும் படித்துவிட்டு, சட்டப்படி இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கையை விரித்தார். நாலாம் நாள் வேறொரு பெண் வந்துவிட்டாள். கேப்டனின் முகம் மாறியதை யாரும் கேட்கவில்லை, ஏதோ கிரகத்துக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வசனம் வைத்தார்கள். பழைய கேப்டன் வீட்டில் உட்கார்ந்தாள். காலையில் உட்கார்ந்தாள், மாலையில் உட்கார்ந்தாள். கடைக்குப் போனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு மாதத்தில் கால் தேறியது. டாக்டர் படத்தைப் பார்த்து, "அதிர்ஷ்டசாலிம்மா நீங்க," என்றார். போட்டோ கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கணவருக்கு ஓய்வு நாள். இருவரும் கூடத்தில் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து டிவி போட்டார்கள். இத்தனை நாளும் அவள் பார்க்காமல் இருந்த சீரியல். புது விண்கலம், புது உடுப்பு. நன்றாக இழுபடுகிற துணி, அதைப் போட்டுக்கொண்டு குட்டிக்கரணமே அடிக்கலாம். நடுவில் நிஜமான தோல் நாற்காலி, நாலா பக்கமும் சுற்றுகிற மாதிரி. புதுக் கேப்டன் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"இப்பதான் நிஜ நாற்காலி போட்டிருக்காங்களே. ஏன் நிக்கறா?" என்றார் கணவர்.

"கேப்டன் எப்படிங்க உக்காருவாங்க?" என்று சொல்லிவிட்டு அவள் திரையை உற்றுப் பார்த்தாள். "சே, முதுகைப் பாருங்க. கூன் விழுந்த மாதிரி. கழுத்தை நிமிர்த்தணும், எடை ரெண்டு குதிகால்லயும் சமமா இருக்கணும். இவளை யாரு பிடிச்சாங்க?"

"நமக்கென்னம்மா வந்தது?"

"இருங்க, இங்க பாருங்க." அவள் எழுந்தாள். தோளைப் பின்னுக்குத் தள்ளி, மோவாயை உயர்த்தி, கூடத்தின் நடுவில் நின்றாள். "இப்படி நிக்கணும்."

"உக்காரும்மா. டாக்டர் என்ன சொன்னார்?"

"விளம்பரம் வரட்டும், உக்கார்றேன்."

விளம்பரம் வந்தது. மூட்டுவலித் தைலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு புதுக் கேப்டன் அதிலும் கூனலாகவே நின்றாள். இவள் உட்காரவில்லை. விளம்பரம் போய் மறுபடி விண்கலம் வந்தது. அவளை உட்கார வைக்க வேண்டுமென்று கணவர் அவள் தோளைத் தொட்டார். தொட்ட பிறகுதான் தானும் எழுந்து நின்றுகொண்டிருப்பதைக் கவனித்தார். எப்போது எழுந்தோம் என்று யோசித்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை. சரி, இந்தக் காட்சி மட்டும் முடியட்டும் என்று பக்கத்திலேயே நின்றுகொண்டார்.